செபஸ்தியார் கோவில் நிறைந்த ஞாயிறு

எங்கள் செபஸ்தியார் கோவில் மூடப்பட்டதற்குப் பலர் பல காரணம் சொல்வார்கள். சாமியார்கள் போதவில்லை, ஓடு ஒழுகியது, ஊருக்குள் பெரிய கோவில் எழும்பிவிட்டது என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் காப்பாற்றுகிறேன் என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பி, அதை மூட வைத்தவள் நான். முன்பெல்லாம் இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கும். இப்போது வயதாகிவிட்டது. வெட்கம் போய்விட்டது, அந்தக் கோவிலின் மேல் உள்ள ஏக்கம் மட்டும் போகவில்லை.

மகாராஜா காலத்து மைசூர் அது. எங்கள் தெரு ரயில் பாதைக்கு அப்பால் இருந்தது. பிளேக் வந்த வருஷம் ஊரைக் காலி செய்துகொண்டு வெளியே கொட்டகை போட்டவர்களில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் சில குடும்பம். நோய் அடங்கிய பிறகு மற்றவர்கள் ஊருக்குள் திரும்பினார்கள், இவர்கள் திரும்பவில்லை. கொட்டகைகள் மண் சுவராயின, பிறகு ஓட்டு வீடாயின. கொள்ளை நோயிலிருந்து காக்கிறவர் செபஸ்தியார் என்பதால், நேர்ந்துகொண்டபடி அவருக்கு ஒரு கோவிலும் கட்டினார்கள். குதிரை லாயத்துக்காரர்களும், துரை வீட்டுச் சமையல்காரர்களும், கொத்தனார்களும் சேர்ந்து ஓய்ந்த நேரத்தில் கட்டிய கோவில். வடக்குச் சுவர் கொஞ்சம் சாய்ந்திருக்கும். மூன்று ஜன்னல் இந்தப் பக்கம், மூன்று ஜன்னல் அந்தப் பக்கம். ஒன்றுக்கொன்று நேராக இருக்காது.

நான் அந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தபோது முதலில் பிடித்தது அந்தத் தரைதான். பெஞ்சு கிடையாது. வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புத் தரையில் பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம் உட்காருவோம். முழந்தாள் போட்டால் குளிர்ச்சி எலும்பு வரை ஏறும். வெளியே இரண்டு கல் தூணுக்கு நடுவில் மணி தொங்கும். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளை உபதேசியார் அடிப்பார். சாமியார் ஊருக்குள்ளிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் செபம், ஜெபமாலை, பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் எல்லாம் உபதேசியார்தான். பீடத்துத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. அந்த வேலையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. துணி மடிப்பு சரியில்லை என்று புதுப்பெண்ணாக வந்த முதல் மாதமே குறை சொன்னேன், வேலை தலையில் விழுந்தது. என் வாய் அப்படி.

இரண்டாம் வருஷம் எனக்கு ஒரு மகன் பிறந்தான். மூன்று நாள் இருந்தான். முதல் நாளே அவன் மூச்சு சரியில்லை. என் வீட்டுக்காரர் உபதேசியாரைக் கூப்பிட ஓடினார். அவர் வரும்வரை காத்திருக்க எனக்குத் துணிவில்லை. ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று படித்திருக்கிறோமே, செம்பில் இருந்த தண்ணீரை நானே அவன் தலையில் ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஒரு பெயரும் வைத்தேன். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

பெரியவர்களை ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தை இறந்தால் மட்டும் கோவிலின் தெற்குச் சுவர் ஓரம் புதைப்பது எங்கள் தெரு வழக்கம். அங்கே சிலுவையோ எழுத்தோ கிடையாது. என் மகன் இரண்டாம் ஜன்னலுக்கும் மூன்றாம் ஜன்னலுக்கும் நடுவில் இருந்தான். என் வீட்டுக்காரர் கொத்தனார். அவர் நாலு கல் கொண்டுவந்து சுண்ணாம்படித்து நாலு மூலைக்கும் வைத்தார். ஒரு முழ நீளம்கூட இல்லை. “அவனுக்காக நீ வேண்டிக்க வேண்டியதில்லம்மா. அவன் நேரா மோட்சத்துக்குப் போனவன். அவன்கிட்டதான் நீ வேண்டிக்கணும்” என்றார் உபதேசியார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் அங்கே போய் நின்று, வீட்டு விஷயங்களையெல்லாம் அவனிடம் சொல்லிவிட்டு வருவேன். வேறு பிள்ளை எனக்குப் பிறக்கவில்லை.

இப்படிப் பத்து வருஷம் போயிருக்கும். ஒரு வருஷம், ஈஸ்டருக்கு (நாங்கள் பாஸ்கு என்போம்) முந்தைய தபசு காலத்து முதல் ஞாயிறு, பிரசங்கம் முடிந்ததும் சாமியார் கீழே இறங்கவில்லை. அவர் பிரெஞ்சுக்காரர். எங்களில் யாருக்கும் வராத புத்தகத் தமிழ் பேசுவார். “ஊருக்குள் பெரிய கோவில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பாஸ்குப் பண்டிகைக்குப் பிறகு இங்கே பூசை இராது. நீங்கள் எல்லோரும் அங்கே வரவேண்டும். இந்த இடத்தைப் பிறகு விட்டுவிடுவோம்” என்றார். பெரிய கோவிலில்தான் என் வீட்டுக்காரரும் எங்கள் தெருக் கொத்தனார்களும் நாலைந்து வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அன்று வெளியே வந்ததும் நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தலைகுனிந்துகொண்டார். பாவம், அவர் என்ன செய்வார்?

“இந்த எடத்த விட்டுட்டா கேட்டுக்குப் பூட்டுப் போட்டுடுவாங்க. நான் எங்க போயி நிக்கறது?” என்று கேட்டேன்.

“சும்மா இரு. ஏதாவது பண்ணலாம்” என்றார்.

தெரு முழுக்க மனு எழுதினோம். உபதேசியார் எழுதினார், கையெழுத்துத் தெரிந்தவர்கள் கையெழுத்தும் மற்றவர்கள் கைநாட்டும் வைத்தோம். பிஷப்பை அப்போது மேற்றிராணியார் என்போம், நேரில் ஆண்டவரே என்று கூப்பிடுவோம். மேற்றிராணியாரிடமிருந்து நல்ல பதில்தான் வந்தது. பாஸ்கு முடிந்து இரண்டாம் ஞாயிறு, பிள்ளைகளுக்கு எண்ணெய் பூசி உறுதிபூசுதல் கொடுக்கத் தாமே வருவதாகவும், நேரில் பார்த்துத் தீர்மானிப்பதாகவும் சொல்லியனுப்பினார்.

நேரில் பார்ப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பாதித் தரை காலியாகத்தான் கிடக்கும். சமையல்காரர்கள் துரைமார் காலைச் சாப்பாட்டை விட்டு வர முடியாது. குதிரைகளுக்கு ஞாயிறு, திங்கள் என்று எதுவும் கிடையாது. மிச்சம் வருகிறவர்கள் கிழவர்களும் என்னைப் போன்ற பெண்களும். இந்தக் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் கோவிலை வைத்துக்கொள்ளத் தோன்றும்? அதனால்தான் மூடுகிறார்கள் என்று நானாகவே முடிவு செய்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவும் இல்லை.

உபதேசியார் வீட்டு முற்றத்தில் தெருக்காரர்கள் கூடியபோது சொன்னேன். “அன்னிக்குக் கோவில் நெறஞ்சிருக்கணும். நம்ம தெரு பத்தாது. ஒறவுக்காரங்க எல்லாரையும் வரவழைங்க. உள்ள எடமில்லாம வெளிய நிக்கறத ஆண்டவர் பாக்கணும்.”

உபதேசியார் மட்டும், “பொய்க் கணக்கு மாதிரி ஆயிடாதா?” என்றார்.

“யாரும் பொய் சொல்ல வேணாம். செபஸ்தியார் திருநாளைக்கு வர்றவங்கதானே? ஒரு தடவ முன்னாடியே வரட்டும்.”

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கொள்ளேகால் பக்கத்துக்கும் பெங்களூருக்கும் கார்டு போயிற்று. என் அக்காவை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொடுத்திருந்தது. அவளுக்கு ஆள் அனுப்பாமல் நானே ரயிலேறிப் போனேன். அந்தப் பக்கம் இருக்கிற சொந்தங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு நடந்து வரச் சொன்னேன்.

“ஏண்டி, நீ மட்டும் ரயில்ல வந்துட்டு எங்கள நடக்கச் சொல்றியே” என்றாள்.

“நடந்து வந்தாத்தான் அக்கா பக்தி தெரியும். ஆண்டவர் கேட்டா நடந்தே வந்தோம்னு சொல்லு. மறந்துடாத.”

கால் நோகாமல் யோசனை சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

அந்த வாரம் முழுக்கத் தெருவில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆண்கள் வேலை முடிந்து வந்து கோவிலுக்கு வெள்ளையடித்தார்கள். மற்ற பெண்கள் மாவிலைத் தோரணம் கட்டினார்கள். நான் பீடத்துத் துணிகளை இரண்டு முறை துவைத்தேன். சனிக்கிழமை காலையில் தெற்குப் பக்கம் பந்தல் போட மூங்கில் வந்து இறங்கியது. உள்ளே இடமில்லாதவர்கள் ஜன்னல் வழியாகப் பூசை காண அங்கேதான் நிற்க வேண்டும். உபதேசியார் என்னிடம் வந்து தயங்கித் தயங்கி, “அந்த நாலு கல்லு… இருட்டோட வர்ற ஜனம், யாராவது தடுக்கி விழுந்தா…” என்றார்.

“எடுத்துடறேன்” என்றேன். அவர் முடிக்கக்கூட விடவில்லை.

மற்ற குழந்தைகளின் இடத்தில் அடையாளம் ஒன்றும் மிச்சமில்லை. என் மகனுக்கு மட்டும்தான் கல் இருந்தது. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். என் வீட்டுக்காரர் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்த கடப்பாரையைப் போட்டுவிட்டு வந்தார்.

“சுவத்துல இருந்து அளந்து வச்சுக்கறேன், இரு” என்று மடியிலிருந்த நூலை எடுத்தார்.

“என் புள்ள இருக்கற எடம் எனக்குத் தெரியாதா? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தானே. போயி உங்க வேலையப் பாருங்க” என்றேன். மேற்றிராணியார் வருகிற நேரத்தில் இவர் நூல் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்கு எரிச்சல். அவர் நூலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோவில் நிறைந்தது. அந்தக் கோவில் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு கூட்டம் கண்டதில்லை. உள்ளே மூச்சுவிட இடமில்லை. தெற்குப் பக்கம் பந்தலுக்குக் கீழே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் தொங்கினார்கள். சுற்றுச் சுவர் மேல்கூட ஆள். பூசைப் பாட்டு எழும்பியபோது ஓட்டிலிருந்து தூசி உதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். மூன்றாம் ஜன்னல் வழியாக அந்தக் கூட்டத்தின் கால்களைப் பார்த்து, ‘கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, உனக்காகத்தான்’ என்று மனசுக்குள் சொன்னதும் நினைவிருக்கிறது.

பூசை முடிந்து மேற்றிராணியார் வெளியே வந்தார். வெள்ளைத் தாடி, சாந்தமான முகம். வரிசையாக முழந்தாளிட்டு அவர் மோதிரத்தை முத்தி செய்தோம். என் அக்காவின் முன்னால் நின்று, “நீங்கள் இந்தத் தெருவா?” என்று கேட்டார்.

“இல்ல ஆண்டவரே, ஸ்ரீரங்கப்பட்டணம். நடந்தே வந்தோம். நேத்து மத்தியானம் கெளம்பினோம்” என்றாள் அக்கா. மறக்காமல் சொன்னாள்.

“நடந்தா?” என்றார் அவர்.

அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் வாய் திறந்துகொண்டது. ஒருவர் எட்டு மைல் என்றார், அடுத்தவர் பத்து மைல் என்றார். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி தன் வெடித்த பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். நான் பின்னால் நின்று பெருமையில் பூரித்துக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பவும் கோவில் படியேறி நின்று பேசினார். எங்கள் விசுவாசத்தைப் பார்த்துத் தம் மனம் நிறைந்துவிட்டது என்றார். பிறகு, “இத்தனை ஜனங்களை இந்தச் சிறிய இடத்தில் அடைத்து, மற்றவர்களை வெயிலில் நிறுத்தினால் அது என்னுடைய பாவம். பத்து மைல் நடந்து பூசை காண வருகிறவர்களுக்கு இரண்டு மைல் ஒரு தூரமா? பெரிய கோவிலில் உங்கள் எல்லோருக்கும் நிழல் இருக்கிறது. சந்தோஷமாக வாருங்கள்” என்று சொல்லிச் சிலுவை போட்டு ஆசீர்வதித்தார்.

கூட்டத்தில் வெளியூர்க்காரர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். உபதேசியார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேற்றிராணியாரை வண்டியேற்றிவிட்டுச் சாமியார் என்னிடம் வந்தார். யோசனை யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. “நடக்க இயலாத முதியவர்கள் சிலர்தான் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்காக மாதம் ஒரு பூசை வைத்து இதைத் திறந்து வைத்திருப்போம் என்றுதான் ஆண்டவர் நேற்றுக்கூட என்னிடம் சொன்னார். நீங்கள் யாரையும் அழைக்காமல் இருந்திருக்கலாம், அம்மா” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் வருத்தத்தோடு சொன்னார்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, கற்களை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு தெற்குப் பக்கம் போனேன். பந்தல் கால்களைப் பிடுங்கிய குழிகள் எங்கும் இருந்தன. அத்தனை பேர் மிதித்து, குடித்த தண்ணீரைக் கொட்டி, மண் களம் மாதிரி இறுகிக் கிடந்தது. இரண்டாம் ஜன்னலைப் பார்த்தேன், மூன்றாம் ஜன்னலைப் பார்த்தேன். வழக்கமாக நான் நிற்கும் இடத்தில் நின்றேன். அங்கே நின்றால் அது இல்லை என்று தோன்றியது. ஓர் அடி தள்ளி நின்றேன். அதுவும் இல்லை.

“இங்கதான்” என்றேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, “இன்னும் அந்தப் பக்கம்னு நெனக்கிறேன்” என்றார்.

“இல்ல, இங்க.”

“சரி, அங்கயே வையி.”

வைக்க என் கை வரவில்லை. தப்பான இடத்தில் வைத்துவிட்டு அதைப் பார்த்து வாழ்நாள் முழுக்கப் பேசுவதா? கற்களைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தேன். நூலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

அடுத்த மாதம் கடைசிப் பூசை நடந்தது. செபஸ்தியார் சுரூபத்தை வைக்கோல் சுற்றி மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். மணியை இறக்கும்போது அது ஒரு தடவை தானாக அடித்தது, எல்லோரும் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டோம். பீடத்துத் துணிகளை நான் மடித்துக் கொடுத்தேன். பிறகு கேட்டுக்குப் பூட்டு வந்தது. ஒரு புல் வியாபாரி இடத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கோவிலுக்குள் வைக்கோல் போட்டு வைத்தார்.

பெரிய கோவிலைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம், வண்ணக் கண்ணாடி, வரிசையாகப் பெஞ்சு. என் வீட்டுக்காரர் ஒரு வளைவைக் காட்டி, அது தன் கையால் முடித்தது என்றார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் சொல்ற செபம் அவ்வளவு ஒசரம் போயிச் சேர்றதுக்குள்ள எனக்கே மறந்துடுது” என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் பொய்யாகச் சொல்லவில்லை. பெஞ்சுப் பலகையில் முழந்தாள் போடும்போதெல்லாம் என் முட்டி அந்தச் சுண்ணாம்புத் தரையின் குளிர்ச்சியைத் தேடும். அங்கே ஒருவர் இருமினால் யார் என்று தெரியும்; இங்கே யார் இருமினாலும் ஒரே சத்தம். மதியம் பன்னிரண்டு ஆகும்போது அடுப்படியில் நின்றபடி மணிக்குக் காது கொடுப்பேன். வராது என்று தெரிந்தும் கொடுப்பேன். பூசை முடிந்து வெளியே வந்தால் கால் தானாகத் தெற்குப் பக்கம் திரும்பும். அங்கே வண்டிகள் நின்றுகொண்டிருக்கும். அவனிடம் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவேன்.

கற்கள் கிணற்றடியில் தண்ணீர்ப் பானைக்கு முட்டாக இருந்தன. மூன்று வருஷம் அப்படி இருந்திருக்கும். ஒரு நவம்பர் மாதம், ஆத்துமாக்கள் திருநாளன்று, எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பானையை இறக்கி வைத்துவிட்டு அந்த நாலு கல்லையும் கழுவிக் கூடையில் வைத்தார். “வா” என்றார். அவர் மடியில் நூல் இருந்தது.

புல் கிடங்குக் காவல்காரர் கன்னடக்காரர். என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் கேட்காமல், “பன்னி அம்மா, பன்னி” என்று, தம் மொழியில் ‘வாருங்கள்’ என அழைத்தபடி பூட்டைத் திறந்துவிட்டார். தெற்குப் பக்கம் புல் முளைத்துக் கிடந்தது. உள்ளேயிருந்து வைக்கோல் வாசனை வந்தது. மழைத் தண்ணீர் வழிந்து, வெள்ளையடித்த சுவர் கறுத்துப் போயிருந்தது.

“எங்க வைக்கட்டும்?” என்று கேட்டார்.

நான் ஜன்னல்களைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னேன். என் வாழ்க்கையில் அதுவரை நான் அதிகம் சொல்லாத வார்த்தை அது.

பிறகு முதல் கல்லை எடுத்து இரண்டாம் ஜன்னலுக்குக் கீழே, சுவரை ஒட்டி வைத்தேன். இரண்டாவதை மூன்றாம் ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நூலைப் பிரித்து, ஒரு முனையை என் கையில் கொடுத்தார். சுவரிலிருந்து அளந்து, மூலை மட்டம் பார்த்து, மற்ற இரண்டு கற்களையும் சுற்றுச் சுவர் ஓரமாகப் பதித்தார். வேலை முடிந்ததும் எழுந்து நின்று பார்த்தார்.

“ரொம்பப் பெரிய எடமாப் போச்சு” என்றார்.

“இருக்கட்டும். எங்க இருந்தாலும் உள்ளதான் இருப்பான்” என்றேன்.

காவல்காரர் கேட்டருகில் காத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அந்தக் கற்களுக்கு வெளியே, புல்லில் உட்கார்ந்தோம். மூன்று வருஷத்து வீட்டு விஷயங்களை நான் ஒவ்வொன்றாக அவனிடம் சொல்ல ஆரம்பித்தேன்.